தறிக்குப் பூட்டா?

காஞ்சிமாநகரில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடப்போர் இன்றும் தறியின் ஓசையைக் கேட்கலாம். குழியும் பன்னையும் நாடாவும் பாட்டன் காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கரை வேறு, உடல் வேறு என்று நெய்து, இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைக்கும் கோர்வை வேலையும் மாறவில்லை. ஆனால் தறியின் தலைமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டி மட்டும் சில இடங்களில் உருமாறி வருகிறது. நூலால் கோத்துத் தொங்கவிட்ட அட்டை மாலைக்குப் பதிலாக மின்சார ஜக்கார்டு வந்திருக்கிறது. அடுக்கடுக்கான அட்டைகளில் இருந்த சித்திரம் சுண்டுவிரலளவான ஒரு பென் டிரைவில் அடங்கிவிட்டது. வேலை சுலபமாவதைக் கண்டு நாமும் மகிழ்ச்சியடைகிறோம். எனினும் ஒரு கேள்வியை யாரேனும் கேட்டாக வேண்டும். அந்தச் சித்திரத்தைத் தறி அறியும் பாஷையில் எழுதித் தருகின்ற மென்பொருள் யாருடையது? அதன் சாவி யார் கையில் இருக்கிறது?

இது கம்ப்யூட்டர் படித்தவர்களின் விவகாரம், தேசத்தொண்டர்களுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்த எண்ணம் தவறு என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம். தொழிற்கருவி யாருக்குச் சொந்தமோ அவரிடமே தொழிலாளியின் விதியும் இருக்கும். ராட்டினத்தைப் பற்றிப் பேசியவர்கள் அரசியலையே பேசினார்கள். மென்பொருளைப் பற்றிப் பேசுவதும் இன்று அத்தகையதே.

உண்மையில் இவ்விஷயத்தைப் புரிந்துகொள்ளக் காஞ்சி நெசவாளியைவிடத் தகுதி வாய்ந்தவர் வேறு யாருமில்லை. துளையிட்ட அட்டை என்பது என்ன? துளை இருந்தால் கொக்கி ஏறும்; துளை இல்லாவிட்டால் ஏறாது. ஏறிய கொக்கியோடு பாவு இழை எழும்; எழுந்த இழைக்குக் கீழே ஊடை ஓடும். ஆம் அல்லது இல்லை என்னும் இரண்டே சொற்களால் மயிலும் யாளியும் அன்னமும் பட்டில் வந்து நிற்கின்றன. கம்ப்யூட்டரும் இந்த இரண்டு சொற்களைத் தவிர மூன்றாவது சொல்லை அறியாது. பிரான்ஸ் தேசத்தில் 1725ஆம் ஆண்டில் பூஷோன் என்பார் துளையிட்ட காகிதத்தைத் தறியில் பொருத்தினார். அவ்வழியில் வந்த முயற்சிகளையெல்லாம் ஒன்று சேர்த்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் தம் யந்திரத்தை முடித்தார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்து தேசத்துப் பாபேஜ் 1830களில் கணிக்கும் யந்திரத்துக்குத் திட்டம் வகுத்தார். ஆகவே மென்பொருள் என்னும் வித்தை தறியிலிருந்து பிறந்து, உலகைச் சுற்றிவிட்டு, மீண்டும் தறிக்கே வந்திருக்கிறது. தாய்வீட்டுக்கு வரும்போது கையில் பூட்டோடு வருகிறது என்பதுதான் நமது வருத்தம்.

ஜக்கார்டின் யந்திரம் பரவிய வரலாறு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. 1806ஆம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் அந்த யந்திரத்தைப் பொதுச் சொத்து என்று பிரகடனம் செய்தது. கண்டுபிடித்தவரைத் தெருவில் விட்டுவிடவும் இல்லை. அவருக்கு உபகாரச் சம்பளமும், செய்யப்படும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு தொகையும் தந்தது. 1812ஆம் ஆண்டுக்குள் அத்தேசத்தில் 11,000 யந்திரங்கள் ஓடலாயின. வித்தையைப் பொதுவாக்கலாம், வித்தகரையும் காப்பாற்றலாம், இவை இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

நம் நாட்டுச் சாட்சியும் உண்டு. 1929ஆம் ஆண்டில் அகில இந்திய நூற்போர் சங்கம் சிறந்த ராட்டினம் ஒன்றைச் செய்து தருவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. கையாலோ காலாலோ குடிசையில் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது, பழுது பார்த்து நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு இன்னொரு நிபந்தனையும் அதில் இருந்தது. செய்தவர் அதற்குப் பேடன்ட் உரிமை பெறலாம். ஆனால் பரிசு வேண்டுமாயின் அந்த உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அது. ராட்டினம் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் அதன் உரிமை ஒரு தனிமனிதரின் பெட்டியில் பூட்டிக் கிடந்தால் கிராமத்துக்கு விமோசனம் இல்லை என்பதை அன்றைய தலைவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த அறிவை நாம் இன்று மறந்துவிட்டோமா என்று கேட்கிறோம்.

பூட்டிய மென்பொருள் என்றால் என்ன? காசு கொடுத்து வாங்கியவருக்கு அது சொந்தமாவதில்லை. பயன்படுத்திக்கொள்ள ஓர் அனுமதி மட்டுமே கிடைக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. குறை இருந்தால் திருத்த முடியாது. பக்கத்துத் தறிக்காரருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தால் குற்றம். அதில் வரைந்த சித்திரம் வேறொரு மென்பொருளில் திறக்காமற்போகவும் கூடும். சிலவற்றில் சாவிபோன்ற ஒரு சிறு கருவியைச் செருகினால்தான் வேலை தொடங்கும். அது தொலைந்தால் வேலையும் நின்றது. இன்னும் சிலவற்றுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும். சந்தா நின்ற நாளில் தொழிலும் நிற்கும். குழித்தறியில் ஒரு கட்டை முறிந்தால் உள்ளூர்த் தச்சர் வந்து சரிசெய்வார். ஜக்கார்டுப் பெட்டியில் கொக்கி வளைந்தால் அடுத்த தெருவில் ஆள் உண்டு. மென்பொருளில் ஒரு வரி பிசகினால் மட்டும் கடல் கடந்து விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டுமென்பது என்ன நியாயம்?

இதற்கு மாற்று ஏற்கெனவே உலகில் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் 1983ஆம் ஆண்டில் குனூ என்னும் முயற்சியை அறிவித்தார். யாரும் இயக்கலாம், யாரும் உள்ளே பார்த்துத் திருத்தலாம், யாரும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், திருத்தியதையும் பிறருக்கு வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளே அதன் உயிர்நாடி. 1991இல் பின்லாந்து தேசத்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். 1998 முதல் இவ்வகைக்கு ஓப்பன் சோர்ஸ் என்னும் பெயரும் வழங்கலாயிற்று. நாம் இதைக் கட்டற்ற மென்பொருள் என்று சொல்கிறோம். இது வீண் கனவு அல்ல. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்டிராய்டு தொலைபேசிகளின் அடியில் இருப்பது லினக்ஸ்தான்; இணையத்தைத் தாங்கும் கம்ப்யூட்டர்களிலும் பெரும்பாலானவை அதன்மேலேயே ஓடுகின்றன.

பூட்டின் கொடுமையைத் தமிழ்ப் பத்திரிகை உலகம் தன் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருச் செய்தவர்கள் ஆளுக்கொரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தலையங்கம் இன்னொன்றில் வெறும் குப்பையாகத் தெரிந்தது. 247 எழுத்துக்களையும் தமிழன் எத்தனையோ நூற்றாண்டாகப் பொதுவில் வைத்து ஆண்டுவந்தான். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவுடன் அவை துண்டு துண்டாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் பொதுவான விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றது. பொதுவிதி வந்த பிறகே தமிழ் இணையத்தில் தடையின்றி நடமாடத் தொடங்கிற்று. எழுத்துக்கு நேர்ந்த விபத்து தறிச்சித்திரத்துக்கும் நேர வேண்டுமா? தாழம்பூ ரேக்கும் மயில்கண்ணும் ருத்திராட்சமும் எந்த ஒரு முதலாளியின் உடைமையும் அல்ல. அவை காஞ்சியின் பொதுப் பொக்கிஷம். அவற்றைப் பூட்டிய கோப்புகளில் மட்டுமே எழுதி வைப்பது, பிதிரார்ஜிதத்தை அடகுக்கடையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

இனி இதன் தேசிய அம்சத்தைக் கவனிப்போம். 2025 ஜூலையில் குஜராத்தில் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா கம்பெனியின் மேல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ருஷியக் கம்பெனி ஒன்றுக்கு அதில் பெரும் பங்கு இருப்பதே காரணம். இந்தியச் சட்டம் அத்தடையை விதிக்கவில்லை; ஐக்கிய நாடுகளின் சபையும் விதிக்கவில்லை. எனினும் சில தினங்களுக்குள் மைக்ரோசாப்ட் கம்பெனி அந்த ஆலைக்குத் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. பணம் முழுதும் செலுத்திய அனுமதிகள் என்று நயாரா கம்பெனி முறையிட்டு டில்லி ஹைகோர்ட்டை நாடிற்று. பிறகு அம்மாத முடிவுக்குள் சேவைகள் திரும்பக் கிடைத்தன. ருஷியாவின் நியாய அநியாயங்கள் இங்கே நமது விஷயமல்ல. நம் நாட்டு மண்ணில், நம் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் ஓர் ஆலையின் கடிதப் போக்குவரத்தை ஐரோப்பாவில் போட்ட ஒரு கையெழுத்து நிறுத்திவிட முடிகிறது என்றால், நமது சுதந்திரத்தின் எந்த மூலையில் ஓட்டை இருக்கிறது என்பதை ஆராய வேண்டாமா? பெரிய ஆலைக்கு ஹைகோர்ட்டு உண்டு, வக்கீல்கள் உண்டு. காஞ்சியில் இரண்டு தறி வைத்திருப்பவர் யாரிடம் போவார்?

இதற்கு விடையாகச் சுதேசி மென்பொருளை வாங்குவோம் என்று பலர் கூறுகிறார்கள். 2025ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் காரியாலயங்கள் ஸோகோ கம்பெனியின் மென்பொருள்களுக்கு மாறத் தொடங்கியதை நேயர்கள் அறிவார்கள். தென்காசிச் சீமையில் ஒரு கிராமத்தில் அமர்ந்து உலகத்துக்கு மென்பொருள் செய்து விற்கும் அக்கம்பெனியை எண்ணித் தமிழர் பெருமைப்படுவது இயல்பே. நாமும் அப்பெருமையில் பங்குகொள்கிறோம். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட தமிழ்நாடு, சுதேசி முயற்சியை வாழ்த்தாமல் வேறென்ன செய்யும்? ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பூட்டு பரதேசத்தில் செய்தது ஆனாலும் சுதேசத்தில் செய்தது ஆனாலும் பூட்டு பூட்டுத்தான். அண்ணன் கையில் சாவி இருப்பது அன்னியன் கையில் இருப்பதைவிட நன்று என்பது மெய். நம் கையிலேயே இருப்பது அதனினும் நன்று. அண்ணன் நல்லவனாக இருக்கலாம். நாளை அவன் கடையை விற்றுவிட்டால் சாவியும் வாங்குகிறவனோடு போய்விடும். ஆகையால், மென்பொருள் எந்த ஊரில் செய்யப்பட்டது என்று கேட்பதோடு நில்லாமல், அதன் மூலம் நமக்குத் திறந்திருக்கிறதா என்றும் கேட்கும் பழக்கம் தேசபக்தர்களுக்கு வர வேண்டும்.

சர்க்கார் இதை அறியாததல்ல. மத்திய சர்க்கார் 2015ஆம் ஆண்டிலேயே ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு முதலிடம் தர வேண்டுமென்றும், அதை விலக்குவதானால் காரணம் காட்ட வேண்டுமென்றும் கொள்கை வகுத்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைச் செய்தது. தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் 2006-07 ஆண்டுகளில் லினக்ஸைத் துணிந்து கைக்கொண்டது. அண்டையிலுள்ள கேரளம் தன் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, இன்றளவும் அவ்வழியிலேயே நிற்கிறது. நாம் தொடங்கினோம், கேரளம் தொடர்ந்தது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவே. அங்கே ஆசிரியர்கள் இதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டார்கள். இங்கே இது உத்தியோகஸ்தர்களின் உற்சாகமாக இருந்து, உத்தியோகஸ்தர் மாறியபோது தணிந்தது.

நெசவுக்கென்றே ஒரு கட்டற்ற மென்பொருளும் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மத்திய சர்க்காரின் மின்னணுவியல் இலாகாவுக்கு உட்பட்ட டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன், டிஜிபுனாய் என்னும் பெயரில் அதை உருவாக்கியிருக்கிறது. புனாய் என்றால் ஹிந்தியில் நெசவு. ஜக்கார்டுத் தறிக்கும் டாபித் தறிக்கும் வேண்டிய சித்திரங்களை வரைந்து, தறி ஏற்கும் வடிவில் மாற்றித் தருவது அதன் வேலை. காசி நெசவாளிகளை மனத்தில் வைத்துச் செய்த இம்முயற்சியைக் காஞ்சி தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும். கோர்வைக்கும் முந்திக்கும் உரிய கணக்குகள் வேறு. நம் கரைகளின் அகலம் வேறு. நம் நெசவாளி பேசும் பாஷை வேறு. மென்பொருள் கட்டற்றதாயின், இவற்றுக்கேற்ப அதைத் திருத்திக்கொள்ள யாருடைய தயவும் தேவையில்லை. இந்த ஒன்றே அதன் பெரும் பயன்.

நேர்மையான ஆக்ஷேபணைகளுக்கு விடை கூறுவது நம் கடமை. சித்திரத்தைத் திறந்துவிட்டால் விசைத்தறிக்காரர் திருடிப் போலிச்சேலை நெய்துவிடுவாரே என்கிறார்கள். கருவியைப் பொதுவாக்குவது வேறு, சித்திரத்தைக் கொடுத்துவிடுவது வேறு. பொதுச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர் வண்டியிலுள்ள மூட்டையை ஊருக்குத் தானம் செய்துவிடுவதில்லை. புதிதாகச் சித்திரம் வரைந்தவர் 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயருக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு காவலாக இருக்கிறது. அக்குறியீடுங்கூட எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமல்லாத பொது உரிமையே என்பதைக் கவனிக்க வேண்டும். போலியை ஒழிக்கச் சட்டத்தை அமலாக்க வேண்டுமேயன்றி, நெசவாளியின் கருவிக்குப் பூட்டுப் போடுவதால் ஆவதொன்றுமில்லை. விசைத்தறி முதலாளிக்குப் பூட்டிய மென்பொருளை வாங்கப் பணம் உண்டு, இல்லாதவர் கைத்தறிக்காரர்தானே!

கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பது இரண்டாவது ஆக்ஷேபணை. இதில் உண்மை இருக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்-இஸட் என்னும் சிறு மென்பொருளில் யாரோ சூழ்ச்சியாகக் கள்ளவாசல் வைத்தது வெளிப்பட்டது. உலகமெங்கும் பயன்பட்ட அதைச் சம்பளமின்றிப் பராமரித்து வந்தவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். மூலம் திறந்திருந்தபடியால்தான் ஓர் எஞ்சினியர் சந்தேகப்பட்டுத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது என்பது மெய். ஆனால் கோடி கோடியாக லாபம் ஈட்டும் கம்பெனிகள் ஒரு தனிமனிதரின் உழைப்பின்மேல் சாய்ந்துகொண்டு, அவருக்கு ஒரு காசும் கொடாமல் இருந்தன என்பதும் அதே அளவுக்கு மெய். இக்கதை காஞ்சிக்குப் புதிதா? நெய்தவர் குடிசையிலும் விற்றவர் மாளிகையிலும் வாழ்வதை நாம் தினமும் காண்கிறோம். கட்டற்றது என்றால் இனாம் என்று பொருள் கொள்ளலாகாது. பொதுக்குளத்தில் தண்ணீர் எடுப்போர் குளத்தைத் தூர்வாரவும் கடமைப்பட்டவர்கள்.

மென்பொருளே நெசவாளியின் துன்பத்தைத் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. பட்டு நூலின் விலை, ஜரிகையின் விலை, குறைந்த கூலி, பிள்ளைகள் தறியைவிட்டு ஆலை வேலைக்குப் போவது ஆகிய இவை பெரிய வியாதிகள். ஒரு மென்பொருளுக்கு இவற்றைக் குணப்படுத்தும் சக்தி இல்லை. ஆனால் சித்திரம் வரையும் வல்லமை நெசவாளியின் கையைவிட்டு நீங்கினால் அவர் வெறுங் கூலியாளாகவே நிற்பார். எதை நெய்வது என்று தாமே தீர்மானிக்கக் கூடியவரே கூலியைப் பற்றி நிமிர்ந்து பேசமுடியும்.

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, பொதுப்பணத்தில் வாங்கும் அல்லது செய்யும் எந்த நெசவு மென்பொருளும் மூலம் திறந்ததாகவும், அதன் கையேடு தமிழிலும் இருக்க வேண்டும். மானியத்தில் தரும் மின்சார ஜக்கார்டு எந்த ஒரு கம்பெனியின் கோப்பை மட்டுமே ஏற்பதாக இருத்தலாகாது. இரண்டாவது, காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் தத்தமக்கெனத் தனித்தனியே சந்தா கட்டுவதை விடுத்து, ஒன்றுகூடி ஒரு பொது நிதி வைத்து, இரண்டு மூன்று இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் தந்து, கட்டற்ற நெசவு மென்பொருளைப் பராமரிக்கச் செய்ய வேண்டும். பழைய அட்டைகளிலும் வரைபடத் தாள்களிலும் இருக்கும் சித்திரங்களை, அட்டை அடிக்கும் முதியவர்கள் இருக்கும்போதே, எவரும் திறக்கக்கூடிய கோப்புகளாகப் பதிந்து வைக்க வேண்டும். மூன்றாவது, இளைஞர்களுக்குச் சொல்கிறோம். காஞ்சியிலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. தமிழிலேயே இவ்வித்தையைக் கற்பித்து வருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் பத்திரிகை இதே பணியைச் செய்தது. பொதுக்கூட்டத்தில் சுதேசி என்று முழங்குவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இத்தகைய இளைஞர்களிடம் மாணவர்களாகச் சென்று அமர்ந்தால் தேசத்துக்கு நன்மை உண்டு.

தறியைக் கொண்டு வாழும் ஊரில், தறிக்குச் சாவி வெளியூரில் இருக்கலாகாது. காஞ்சியின் கூட்டுறவுச் சங்கங்கள் அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமென்று நம்புகிறோம். கொண்டுவராவிடில், உறுப்பினர்களான நெசவாளிகளே எழுந்து கேட்பார்களாக.